முதுகு ஊசிக்குப் பின் வரும் தலைவலியைத் தாய்மாரிடம் முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள் வீடு திரும்பிய என் மகள், அன்று மாலை குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தவுடன், பிடரியிலிருந்து நெற்றிவரை தலை பிளப்பதாகச் சொல்லிப் படுத்துவிட்டாள். படுத்த சிறிது நேரத்தில் வலி விட்டது. எழுந்தால் மறுபடி வந்தது. தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று சம்பந்தி அம்மாள் சாம்பிராணி போட்டார். பச்சை உடம்புக்காரி அதிகம் தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று நானோ அவளுக்கு அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பொறுத்து மருத்துவமனைக்குத் திரும்பிப் போனபோதுதான், அறுவைக்கு முன் முதுகில் போட்ட மயக்க ஊசியால் வந்த வலி இது என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் தந்த டிஸ்சார்ஜ் அறிக்கையில் மாத்திரைகளும் தையல் பிரிக்கும் நாளும் இருந்தனவே தவிர, இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையில் ஊசி இட்ட துளை அடைபடத் தாமதமானால், உள்ளிருக்கும் திரவம் கசிந்து குறைகிறது. அதனால் எழுந்து நிற்கும்போது மூளையின் உறைகள் இழுபடுவதும், குறைந்த திரவத்துக்கு ஈடாக இரத்தக் குழாய்கள் விரிவதும் சேர்ந்து வலியை உண்டாக்குகின்றன என்று மயக்கவியல் மருத்துவர் விளக்கினார். இது நேற்று தெரிய வந்த செய்தியும் அன்று. 1898-இல் முதுகில் மயக்க ஊசி போடும் முறையைக் கையாண்ட ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், தம் முதுகிலேயே ஊசி குத்தச் செய்து, இதே தலைவலியைப் பல நாள் அனுபவித்து எழுதி வைத்திருக்கிறார்.

இளம் பெண்களுக்கு, அதிலும் பிரசவ காலத்தில், இது வரும் வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியனாக நடக்கும்போது, இதைச் சிறிய செய்தியென்று ஒதுக்க முடியுமா? தடிமனான, வெட்டும் முனை கொண்ட ஊசியைவிட, நார்களை அறுக்காமல் விலக்கிச் செல்லும் பென்சில் முனை ஊசியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. விலை சற்றுக் கூடுதல்தான் என்றாலும், எல்லா மருத்துவமனைகளும் அதையே வாங்கி வைப்பது நல்லது. தலையணை இல்லாமல் அசையாது படுத்திருந்தால் இவ்வலி வராது என்று வார்டுகளில் இன்னும் சொல்கிறார்கள்; படுத்திருப்பது வந்த வலியைத் தணிக்குமே அன்றி, வராமல் தடுப்பதில்லை.

பெரும்பாலோருக்கு ஓய்வு, போதிய தண்ணீர், மருத்துவர் தரும் வலி மாத்திரை, அளவான காபி ஆகியவற்றாலேயே ஓரிரு வாரத்துக்குள் சரியாகிவிடுகிறது. தணியாதவர்களுக்கு அவர்களுடைய இரத்தத்திலேயே 20 மில்லி லிட்டர் அளவுக்கு எடுத்து, உறைக்கு வெளியே செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு. என் மகளுக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலி எல்லாம் ஊசியால் வந்ததென்று இருந்துவிடவும் கூடாது. படுத்தாலும் விடாத வலி, காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி, உயர் இரத்த அழுத்தம் இவற்றில் எது இருந்தாலும், மூளைச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். பேறுகாலத்து இரத்த அழுத்த நோயாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து. எங்கள் வீட்டில் இரண்டு நாள் போனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

ஆகவே, முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் வீடு திரும்பும் நாளில் இவ்விவரங்களைத் தமிழில் அச்சிட்ட ஒரு சீட்டை, அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணுடன் தர சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். தாயிடம் மட்டுமன்றி, பத்தியம் பார்க்க வீட்டில் காத்திருக்கும் என் போன்றவர்களிடமும் அதைப் படித்துக் காட்டி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.