ஓர்க்குகள் வாளை உருவியே ஆக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வழியில் எதிர்ப்படும் உயிரினம் சாகசக்காரர்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பகடை உருட்டி அறியும் பழைய விதியை ‘குருட்டு லாட்டரி’ என்று ஒதுக்கும் கட்டுரையாளர், அந்த முடிவை ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் கற்பனைக்கே விட்டுவிட வேண்டும் என்கிறார். பல ஆண்டுகளாக ஆட்டம் நடத்தி வருபவன் என்ற முறையில், கற்பனைக்கு வேலை வைப்பதே அந்தப் பகடைதான் என்று சொல்ல விரும்புகிறேன்.

இவ்வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் முதன்முதலாக வெளிவந்தபோதே இந்த விதி அதில் இருந்தது. 1981-இல் வந்த பேசிக் பதிப்பில் அது தெளிவான அட்டவணையாக இடம்பெற்றது. ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டிக் கூட்டுகிறோம். 2 விழுந்தால் உடனடித் தாக்குதல். 3 முதல் 5 வரை பகைமை. 6 முதல் 8 வரை குழப்பமும் தயக்கமும். 9 முதல் 11 வரை என்றால் அந்த உயிரினம் விலகிப் போகும் அல்லது பேச்சுக்குச் செவிகொடுக்கும். 12 என்றால் உற்சாகமான நட்பு. லாட்டரியில் எல்லாச் சீட்டுக்கும் ஒரே வாய்ப்புதான். இங்கோ, மொத்தமுள்ள 36 சேர்க்கைகளில் 16 தயக்கத்தில் போய் விழுகின்றன. கண்டவுடன் பாய்வதற்கும் கண்டவுடன் தோள்மேல் கைபோடுவதற்கும் தலா ஒன்றே ஒன்று. பேச முன்வரும் கதாபாத்திரத்தின் கரிஸ்மா, அதாவது ஆளுமைக் கவர்ச்சிக்கான மதிப்பெண், 18 ஆக இருந்தால் கூட்டுத்தொகையோடு 2 சேர்வதால், உடனடித் தாக்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. இதைக் குருட்டுத்தனம் என்று எப்படிச் சொல்வது?

பகடை தருவது மனநிலையை மட்டுமே. அதற்கான காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுரங்கப் பாலத்தைக் காவல் காக்கும் ஆறு ஓர்க்குகளுக்கு (மனிதரைப் போன்ற முரட்டுக் கற்பனை உயிரினங்கள்) 10 விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவை ஏன் தாக்கவில்லை? தலைவன் காயம்பட்டுக் கிடக்கிறானா, கூலி தராத எஜமானன்மீது கோபமா, பாலத்துக்கு அப்பாலிருந்து வேறேதோ வருமென்ற அச்சமா? இக்கேள்விகளில் ஒன்றுக்கு விடை தேடப் போய், அன்று மாலை முழுவதும் நான் எழுதி வைத்திராத கதையொன்றை நடத்திய அனுபவம் எனக்குண்டு. பகடையைத் தொடாமல் என் கற்பனையை மட்டும் நம்பியிருந்த முதல் சில ஆண்டுகளில் என் ஓர்க்குகள் எல்லாமே வாளைத்தான் உருவின என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். களைத்த மூளைக்கு முதலில் தோன்றுவது சண்டைதான்.

இவ்விதி தனித்து நின்றதல்ல என்பதையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. அதே பேசிக் பதிப்பில் ஓர் ஓர்க்கை வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள், அதாவது கதாபாத்திரம் அடுத்த நிலைக்கு உயரத் தேவையானவை, 10. மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஆறு ஓர்க்குகளோடும் போராடி வென்றால் 60 புள்ளிகள். அவற்றோடு பேசி வழிகேட்டு 600 பொற்காசுகளோடு திரும்பினால் 600. தொடக்க நிலையான முதல் நிலையில் உள்ள மந்திரவாதிக்கு, தீர்ந்தால் உயிர் போய்விடும் உயிர்ப்புள்ளிகள் வழக்கமாக நான்குக்கு மேல் இருக்காது. ஓர்க்கின் ஒரே அடி ஆறு புள்ளிகள் வரை பறிக்கும். இப்படிப்பட்ட கணக்கில், எதிரே நிற்பவை பேசக்கூடும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது.

எல்லாவற்றுக்கும் உருட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நடமாடும் பிணமான ஜாம்பி எப்போதும் தாக்கும். அதன் மனநிலையை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. கதைக்குத் தேவைப்பட்டால் டன்ஜன் மாஸ்டரே முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்தப் பழைய விதியே இடம் தருகிறது. பிற்காலப் பதிப்புகள் வேறு வழிகளில் போயின. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பேசி மனத்தை மாற்றும் டிப்ளமசி திறனுக்கான உருட்டல், எதிரில் இருப்பவர் யாராயினும் மாறாத இலக்கு எண்களை எட்டினாலே போதும் என்றிருந்ததால், அத்திறனை வேண்டுமட்டும் வளர்த்துக்கொண்ட ஒரு கதாபாத்திரம் பரம எதிரியையும் சில நிமிடப் பேச்சில் நண்பனாக்கிவிட முடிந்தது. அது எனக்கு உவப்பானதாக இல்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பு நட்பு, அலட்சியம், பகை என்ற மூன்று மனப்பான்மைகளை வைத்திருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் எது என்பதை டன்ஜன் மாஸ்டரே குறிக்க வேண்டியிருப்பதால், என் போன்ற சோம்பேறிகள் மீண்டும் ‘பகை’ என்றே குறித்துவிடுகிறோம்.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு அச்சான அட்டவணையில் 6 முதல் 8 வரையிலான எண்களுக்கு எதிரே ‘தாக்கும்’ என்று காணப்படுகிறது. ‘தயங்கும்’ என்பதே சரி. ஒரே சொல்லில் நேர்ந்த பிழையென்றாலும், 36-இல் 16 வாய்ப்புகளின் பொருளை அது மாற்றிவிடுவதால், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்