அறுவை சிகிச்சைக்குப் பின் கும்மி கொட்டலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுச் செய்திகள் தங்கள் நாளிதழில் நிறைய வருகின்றன. கட்டியைக் கண்டறிவது, மேமோகிராம் எடுப்பது பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள், அவசியமானவைதான். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண் மறுநாள் காலை தன் கையை என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தப் பத்திரிகையிலும் பார்ப்பது அரிதாக இருக்கிறது. "அந்தக் கையை அசைக்காதே, குடம் தூக்காதே" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். அசையாத தோள் சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கும். அப்புறம் தலை வார, ஜாக்கெட் போட, கொடியில் துணி காயப்போட இன்னொருவர் வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். தோள் அவ்வளவு உயராவிட்டால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகும்.

கை வீங்கிவிடும் என்ற பயம்தான் இதற்கெல்லாம் வேர். பயத்தில் நியாயம் உண்டு. அக்குளின் நிணநீர்க் கணுக்களை (திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) முழுக்க எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வருகிறது. மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் சில கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான் வருகிறது. ஆனால் இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதுபோல் நிணநீரைத் தள்ளத் தனி உறுப்பு கிடையாது. தசை சுருங்கி விரிவதும் ஆழ்ந்த மூச்சும்தான் அதை நகர்த்த உதவுகின்றன. 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களைப் படகுத் துடுப்பு போடவைத்து இந்தப் பயத்தைச் சோதித்தார். 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்கள் பங்கேற்றனர். படிப்படியாக எடை தூக்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கும், தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் வீக்கம் முற்றியது.

அமெரிக்காவில் லெபெட் முறை என்றொரு மென்மையான நடனப் பயிற்சி, மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்காகவே உருவானது. நமக்குக் கும்மி இருக்கிறது. இடுப்பில் ஒரு தட்டு, மார்பில் ஒரு தட்டு, தலைக்கு மேல் ஒரு தட்டு: இறுகிய தோளுக்கு இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் அசைவுகளும் ஏறக்குறைய இவைதான்.

காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த வடிகுழாயை எடுக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால் காயத்தின் அடியில் நீர் கோத்துக்கொள்ளலாம். குழாய் எடுத்து, அறுவை மருத்துவர் சரி என்ற பிறகு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கலாம். முதல் 5 நிமிடம் வயிறு உப்ப 5 மூச்சு, தோளைப் பின்னோக்கிச் சுழற்றுவது 10 முறை, கையை உயர்த்தி விரல்களை மூடித் திறப்பது 15 முறை. பிறகு மெதுவான பாட்டுக்கு இடுப்பளவில் தட்டு. வலியில்லாமல் 2 நாள் செய்த பின் மார்பளவு, அடுத்து நெற்றியளவு. இழுப்பது போன்ற உணர்வு வரலாம், குத்தும் வலி வரக் கூடாது. அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கம்பி போல ஏதோ விறைத்துத் தெரிந்தால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது நிணநீர்க் குழாய் இறுகுவதால் வருவது. நிறுத்தாமல் மெதுவாக நீட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தளரும்.

எழுந்து நின்று ஆடும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. தோள் வராத குறையை மறைக்க உடம்பு பக்கவாட்டில் சாய்கிறது, அல்லது தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறது. பார்ப்பதற்குக் கை மேலே போனது போலிருக்கும். மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணாடி முன் ஆடினால் தெரிந்துவிடும். ஓங்கித் தட்டவும் வேண்டாம், உள்ளங்கைகளை ஒத்தி எடுத்தால் போதும். பாக்ளிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்து ஏற்றியவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம். வெறுங்காலில் ஆடுவதுதான் நம் வழக்கம் என்றாலும் இவர்கள் பின்வார் உள்ள செருப்பு போட்டுக்கொண்டு, சுழலாமல் ஆட வேண்டும். கோலாட்டம் ஆட ஆசைப்படுபவர்கள் மரக்குச்சிக்குப் பதில் இந்த நாளிதழையே சுருட்டிக் குழலாக்கிப் பழகலாம். இறுக்கிப் பிடிக்கத் தேவைப்படாது. கைவீக்கம் உள்ளவர்கள் மருத்துவர் கொடுத்த அழுத்த உறையைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். வெயிலில் வீக்கம் கூடும் என்பதால் காலை நேரமே நல்லது.

வேகத்தை அளக்கப் பாட்டே போதும். ஆடிக்கொண்டே பாட முடிந்தால் லேசான பயிற்சி. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். பேசவே முடியவில்லை என்றால் நிறுத்தி உட்கார வேண்டும். நடுத்தர அளவில் 30 நிமிடம், வாரம் 3 நாள் என்பதே போய்ச் சேர வேண்டிய இடம். உடம்பு தெம்பாக இருக்கும் நாளில் அளவுக்கு மீறி ஆடிவிட்டு மறுநாள் முழுக்கப் படுப்பவர்கள் அதிகம். அப்படியானால் அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்க வேண்டும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் ஆடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கை சிவந்து சூடானால் அன்றே போக வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000க்குக் கீழே இருப்பவர்களும், நோய் எலும்புக்குப் பரவியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது முதல் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அந்தப் பணியாளர்களுக்கு இந்தப் பயிற்சியையும் கை அளவெடுப்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு ஓர் அங்குல நாடாதான். மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. இடைவெளியில் இரு கைகளின் சுற்றளவையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே எடுத்து நோயாளியின் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். பின்னால் எந்த இடத்திலாவது மற்றக் கையைவிட 2 செ.மீ. கூடினால், வளையலோ ஜாக்கெட் கையோ திடீரென இறுகினால், வீக்கத்தின் தொடக்கத்திலேயே சிகிச்சைக்கு அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
புற்றுநோய் மறுவாழ்வுப் பணியிலுள்ள இயன்முறை மருத்துவர்கள்,
மதுரை.