அந்த அரை நொடித் தயக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்மிகப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மகான்களின் அற்புதங்கள், தியானத்தின் பலன்கள் எல்லாம் வருகின்றன, சரி. ஆனால் கூட வேலை பார்ப்பவர் செய்த காரியத்துக்கு யாராவது நம்மைப் பாராட்டும்போது, உண்மையைச் சொல்வதா, சும்மா இருந்துவிடுவதா என்று அரை நொடி ஒரு தயக்கம் வருமே, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் ஒருவருடைய ஆன்மிகம் எவ்வளவு தேறும் என்பது அங்கேதான் தெரியும்.

இது ஒன்றும் புதுக் கருத்து இல்லை. புத்தர் சொன்ன எண்வகை வழியில் பேச்சு, செயல், பிழைப்பு மூன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன, அதிலும் பிழைப்பு என்று வரும்போது ஆயுதம், விஷம், போதைப்பொருள் விற்கக் கூடாது என்று பௌத்தம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறது. நாமோ 'செய்யும் தொழிலே தெய்வம்' என்று சொல்லிவிட்டு, அந்தத் தொழிலில் யார் தலையில் கை வைக்கிறோம் என்று பார்ப்பதே இல்லை. (இந்தப் பழமொழியை அதிகம் சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.)

சரி, அந்த அரை நொடி வந்ததே தெரியாமல் போய்விடுகிறதே, என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்குத்தான் அன்றன்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை வைத்தார்கள். சமணர்கள் காலையும் மாலையும் செய்யும் பிரதிக்கிரமணம் அதுதான். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவும் (1491–1556) தினமும் மனசாட்சியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார், அதில் எனக்குப் பிடித்தது, முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் தவறுகளைத் தேடவே தொடங்க வேண்டும் என்பது. தன்னைத் தானே திட்டிக்கொள்வதற்கான நேரம் இல்லை அது. யாரிடம் எரிந்து விழுந்தேன், எதைத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன், பொய்யா உண்மையா என்று பார்க்காமல் எந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பினேன், இவ்வளவுதான் கேள்வி. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் கேட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடம் போதும், செலவு கிடையாது, ஒருவேளை அதனால்தான் இதற்கு விளம்பரமும் இல்லையோ என்னவோ.

ஆகவே ஒரு வேண்டுகோள். அற்புதங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் வாரம் ஒரு பத்தியாவது வாசகர்களுக்குக் கொடுங்கள். இந்த வாரம் எந்த இடத்தில் தடுமாறினார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று பெயர் போடாமல் எழுதட்டும். நான் முதலில் வாசிப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்