ரேஷன் கடைச் சுவரில் 14567

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் தனியாக இருக்கும் 78 வயதுப் பாட்டி ஒருவர், சர்க்கரை மாத்திரை தீரும் சமயத்தில் பாதி பாதியாக உடைத்துப் போட்டு நாளைக் கடத்துவார். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முழங்கால் இடம் கொடுப்பதில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567-ம் தெரியாது. அந்த எண்ணில் பென்ஷன் விவரம் கேட்கலாம்; பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கவும் வழி கேட்கலாம். பாவம், பெரியவர்கள் இதையெல்லாம் செல்போனில் தேடிக்கொண்டிருப்பார்களா? மாதாமாதம் ரேஷன் கடைக்கு வருகிறார்கள். அந்தச் சுவரில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகி, திண்டுக்கல்