நெறி கட்டும் நாட்களில் ஸ்டீராய்டு வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். வைரஸ் காய்ச்சல் பற்றிய உங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை, உடலின் எதிர்ப்பே, வைரஸில் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியோடு தொடங்குவதுபோல் எழுதப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய நாட்களில் டி செல்கள் (வைரஸின் துண்டுகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளையணுக்கள்) செய்யும் வேலை விட்டுப்போயிற்று. மருந்துக் கடையில் உதிரியாக வாங்கும், எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கெடுப்பது அந்த நாட்களைத்தான் என்பதால் எழுதுகிறோம்.

காய்ச்சலோடு தொண்டை வலிக்கும் குழந்தையின் தாடைக்கு அடியில் தடவிப் பாருங்கள். மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று விரலுக்கு நழுவி உருளும்; அழுத்தினால் குழந்தை முகம் சுளிக்கும். வீங்கிய நிணநீர்க் கணு அது; நெறி கட்டியிருக்கிறது என்போம். தொண்டையில் வைரஸின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்ட காவல் செல்களான டென்ட்ரிடிக் செல்கள், ஏறக்குறைய ஒரு நாளில் வந்து சேருவது அங்கேதான். அந்தத் துண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் காணக்கூடிய டி செல், முதல் தொற்றின்போது லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டென்ட்ரிடிக் செல் மணிக்கு 500-க்கும் மேற்பட்ட டி செல்களை உரசிப் பார்க்கிறது. இந்தத் தேடல் முடியும்வரை டி செல்கள் வெளியேறாதபடி, வைரஸ் தொற்றும்போது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் நெறியின் வாசலை அடைத்துவிடுகிறது. இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (டி செல்களும் அடங்கிய வெள்ளையணு வகை) குறைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த எண்ணைப் பார்த்ததும் ‘எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது’ என்று பயப்படுகிறார்கள். செல்கள் ரத்தத்தில் இல்லை, நெறியில் இருக்கின்றன.

பொருந்தும் டி செல் அகப்பட்டாலும் உடனே பெருகாது. வைரஸ் துண்டு, டென்ட்ரிடிக் செல் தரும் துணைச் சமிக்ஞை, சைட்டோகைன் என்ற தகவல் புரதம் மூன்றும் கிடைக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் செல் பருத்துத் தயாராகிறது. பிறகு 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வாரத்தில் ஒன்று பல்லாயிரமாகும். (இந்தக் கணக்கு பெரும்பாலும் எலிகளில் அளந்தது.) தொற்று அடங்கியதும் 90 சதவீதத்துக்கும் மேல் மடிந்துபோக, மிஞ்சுபவை நினைவுச் செல்களாகத் தங்கும். 2003-ல் சார்ஸ் என்ற வைரஸ் நுரையீரல் நோய் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டு கழித்தும் அவை இருந்தன. கோவிட் நோயாளிகளிடம் சிங்கப்பூரில் நடந்த ஆய்வு சிறியதுதான்; ஆனாலும் டி செல்கள் சீக்கிரம் தோன்றியவர்களுக்கு நோய் லேசாக இருந்தது, வைரஸும் விரைவில் அகன்றது என்று அது காட்டியது.

இந்தத் தொடக்க வேலையைத்தான் ஸ்டீராய்டு மழுங்கடிக்கிறது. டென்ட்ரிடிக் செல் முதிர்வதைத் தடுக்கிறது. டி செல் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2 சுரப்பைக் குறைக்கிறது. காய்ச்சலும் உடல்வலியும் சட்டென்று தணிவதால் ‘நல்ல மாத்திரை’ என்று பெயர் வாங்கிவிடுகிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.5 மில்லிகிராம் மாத்திரை பொட்டுப்போல் சிறியது. ஆனால் வேளைக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று போட்டால், இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராமுக்குச் சமம். 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு எதிர்ப்பாற்றல் கட்டுமீறி நுரையீரலைத் தாக்கிக்கொண்டிருந்தது. மருந்து ஒன்றுதான், கொடுக்கும் நாள்தான் வேறு.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது; அது உயிருக்கே ஆபத்து. நெறிக்கென்று தனியாக ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். வலியில்லாமல், கெட்டியாக, நான்கு வாரம் தாண்டியும் வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டுகளான டெக்ஸாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். அட்டையிலிருந்து கத்தரித்து உறையில் போட்டுத் தந்தால், எது எந்த மாத்திரை என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் பெயரையும் உறைமேல் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நோயெதிர்ப்பியல் ஆசிரியர்கள்,
மதுரை