வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். காலபோக நெல் விதைத்தாயிற்று, மழைதான் இழுத்தடிக்கிறது. அப்பாவின் முழங்கால் முன்னைப்போலத்தான்.

நீ போன் எடுத்தால் மருமகனின் வேலை, வீட்டு வாடகை எல்லாம் சொல்கிறாய். சின்னவளைக் கேட்டால் "நித்திரை அம்மா" என்கிறாய். பகல் பதினொரு மணிக்குமா நித்திரை? சரி.

ஓகஸ்ட் விடுமுறையில் கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் சேலையைப் பிடித்தாளே, "அம்மம்மா, வயித்துக்குள்ள லிஃப்ட் ஏறுது" என்று. முகம் வெளுத்துவிட்டது. கூப்பிடக் கூப்பிட வாயைச் சப்பிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தண்ணீர் கேட்டாள். "பசியில நடிக்கிறாள்" என்றாய். உன் மாமி பக்கத்தில் நின்றார், அதனால் சொன்னாய். பையில் மருந்துப் போத்தலைக் கண்டேன். கண்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

வேளை தவறாமல் கொடுக்கிறாய், அதில் நீ கெட்டிக்காரி. ஆனால் பிள்ளை காதுபட நடிப்பு என்று சொல்லாதே. பிறகு அவள் சொல்லாமலே விட்டுவிடுவாள். சின்ன மாமாவுக்குப் பனையோலை எரியிற மணம் வரும், எந்த அடுப்பும் எரியாது. அவன் கதை உனக்குத் தெரியும். இங்கே கிளினிக்கில் விசாரித்தேன். வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுது, இல்லாத மணம் வருது, கண்ணுக்குள் கலர் வெளிச்சம், காரணமில்லாத பயம் என்றெல்லாம் பிள்ளைகள் சொல்லுமாம். சொல்லத் தெரியாத சின்னன்கள் ஓடிவந்து தாயைப் பிடிக்குமாம். வலிப்பின் தொடக்கமே அதுதானாம். சில வேளை அதோடு நின்றுவிடும், சில வேளை முழுதாக வரும்.

அதனால் ரீச்சருக்குச் சொல்லு. லிஃப்ட் என்றால் உடனே இருத்த வேண்டும், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாய்க்குள் ஒன்றும் வைக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. மாமி பிள்ளையின் கையில் இரும்பைக் கொடுக்கச் சொல்லுவார், அதெல்லாம் வேண்டாம். மாமிக்கும் சொல்லு. எத்தனை நாளைக்கு மறைப்பாய்? இரவில் போனைக் கொடுத்து நித்திரையைக் கெடுக்காதே. கொஞ்ச நாள் வரவில்லை என்று மருந்தை நீயாக நிறுத்தாதே. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி திங்கட்கிழமை வருகிறான், முறிகண்டிக் கச்சானும் ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறேன். அவளை நீச்சலுக்கு விடுகிறாய் என்று அவன்தான் சொன்னான், அவனை ஏசாதே. தண்ணீருக்குள் வைத்து லிஃப்ட் ஏறினால் யாரைப் பிடிப்பாள்? அடுத்த நீச்சல் வகுப்புக்கு முதல் அந்த ரீச்சருக்கும் சொல்லு பிள்ளை.

அம்மா