சாத்தனூர் அளவையும் தினமும் போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்ல தென்பெண்ணை கரையோரம் குடியிருக்கேன், எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்டுல உங்க பேப்பர்தான். தென்பெண்ணைல எங்களுக்கு மேல இருக்குற சாத்தனூர் அணையோட அளவை தினமும் பேப்பர்ல போடுங்கன்னு உங்ககிட்ட கேக்கணும், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

மழைக்காலம் வந்துட்டா கடலூர் துறைமுகத்துல 1-ம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியாச்சு, 3-ம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சுன்னு போட்டோவோட முதல் பக்கத்துல போடுறீங்க. நல்லது, தொடர்ந்து போடுங்க. அந்தக் கூண்டு 11 நம்பர் வரைக்கும் இருக்கு, 8, 9, 10-னா பெரிய அபாயம்னு எங்க ஊர்ல ஸ்கூல் பசங்களுக்குக் கூட தெரியும். ஆனா அது கப்பலுக்கும் படகுக்கும் வச்ச அடையாளம். 2024-ல எங்க தெருவை முழுகடிச்சது கடல் இல்லீங்க, மேற்கேர்ந்து வந்த ஆறு. அதுக்கு எந்தக் கூண்டும் கிடையாது.

கடலைப் பார்த்து எங்க ஊர் பயப்படுறதுல நியாயம் இருக்கு. 1749 ஏப்ரல்ல, அதாவது சித்திரை மாச வெயில் காலத்துலயே, தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை பக்கத்துல புயல் அடிச்சு நமூர்ங்கற இங்கிலீஷ்காரன் போர்க்கப்பல் மூழ்கி 500 பேருக்கு மேல செத்திருக்காங்க. 1972 டிசம்பர் புயலை எங்க ஆயா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க, ஓலை வீட்டுல கயிறு போட்டு கூரையை இழுத்துப் பிடிச்சிக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்களாம். அப்புறம் 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலைல சுனாமி. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்புன்னு வரிசையா குப்பம் குப்பமா போச்சு, மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல. அதைப்பத்தி இன்னும் என்ன எழுதுறது, உங்களுக்கே தெரியும்.

2011 டிசம்பர் 30 தானே புயல் வேற மாதிரி. சுனாமி கரையோட நின்னுச்சு, தானே உள்ள வந்து பண்ருட்டி வரைக்கும் பலாவையும் முந்திரியையும் வேரோட சாய்ச்சிட்டு போச்சு. பண்ருட்டி பக்கம் எங்க மாமா தோப்புல அவங்க தாத்தா வச்ச பலா மரம் இருந்துச்சு, ஒரு விடியக்காலத்துல எல்லாம் படுத்துடுச்சு. வீடு விழுந்தா ஒரு வருஷத்துல கட்டிக்கலாம், அந்த மாதிரி மரம் திரும்ப வர்றதுக்கு ஒரு தலைமுறை ஆகும். நிவாரணம் குடுத்தாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா மாமா அந்த நெலத்தை வித்துட்டு திருப்பூர் போயிட்டாரு.

2015-லேயே எங்களுக்கு புரிஞ்சிருக்கணும். தீபாவளிக்கு முதல் நாள், நவம்பர் 9, நெய்வேலில 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. பண்ருட்டி கிட்ட பெரியகாட்டுப்பாளையத்துல ஓடைத் தண்ணி வீட்டோட ஆளுங்களையும் அடிச்சிட்டு போச்சு. அது கடலோரம் கிடையாது பாருங்க. எங்க மாவட்டம் ஒரு வடிகால் மாதிரி, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாமே எங்க வழியாத்தான் கடலுக்குப் போகணும். மேல எங்க மழை பெஞ்சாலும் கடைசில எங்க வாசல்ல வந்து நிக்கும்.

ஃபெஞ்சல் புயலுக்கும் அப்படித்தான் ஆச்சு. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. கடந்துடுச்சுன்னு டிவில சொன்னதும் எங்க தெருவுல எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனா அந்தப் புயல் மேற்கால நகர்ந்து போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அந்தத் தண்ணி தென்பெண்ணைல விழுந்து சாத்தனூர் அணைக்கு வந்துச்சு, அணை தாங்காதுன்னு டிசம்பர் 2 விடியக்காலம் 1.68 லட்சம் கன அடி வரைக்கும் திறந்தாங்க. 1.68 லட்சம் கன அடின்னு படிச்சா என்ன புரியும், நான் பிற்பாடு உக்காந்து கணக்கு போட்டேன். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி வருதே, அதுல கிட்டத்தட்ட 400 லாரித் தண்ணி, ஒவ்வொரு செகண்டும். அணையைத் திறந்தது தப்புன்னு நான் சொல்ல வரல, உடைஞ்சிருந்தா யாருமே மிஞ்சியிருக்க மாட்டோம்.

எங்களுக்கும் போன்ல மெசேஜ் வந்துச்சு. இத்தனை கன அடி திறந்துவிடப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு செல்லவும்னு இருந்துச்சு. எங்க தெரு கரையோரமா இல்லையா? தண்ணி முழங்காலுக்கா, கழுத்துக்கா? எத்தனை மணிக்கு வரும்? ஒண்ணும் அதுல இல்ல. எதிர் வீட்டு அக்கா தையல் மெஷினை கட்டில் மேல தூக்கி வச்சாங்க, அது போதும்னு நினைச்சாங்க. கட்டிலும் முழுகிடுச்சு. எங்க அம்மாவை நாற்காலியோட மாடிக்குத் தூக்கிட்டு போனோம், பின்னாடி தெருவுல கட்டியிருந்த மாட்டை அவுக்குறதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. சாத்தனூர்லேர்ந்து எங்க ஊருக்கு தண்ணி வந்து சேர பல மணி நேரம் ஆகுது சார், சுனாமி மாதிரி நிமிஷக் கணக்கு இல்ல. அவ்வளவு நேரம் கைல இருந்தும் நாங்க சம்மணம் போட்டு உக்காந்திருந்தோமேன்னுதான் இன்னிக்கும் வயிறு எரியுது.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். மேட்டூர் அணை நீர்மட்டம் தினமும் போடுறீங்க இல்லையா, அது பக்கத்துலயே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் சாத்தனூர் எத்தனை அடி (முழு அளவு 119), வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, மேல கிருஷ்ணகிரி அணைல எவ்வளவு, ஊத்தங்கரைல எத்தனை சென்டிமீட்டர் மழைன்னு நாலு வரி போடுங்க. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆளுங்களுக்கு வீராணமும் கொள்ளிடமும் சேர்த்துப் போட்டா நல்லது. அதிகாரிங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு ஒரு வார்த்தை, கரண்ட் கம்பத்துல சிவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு, 2024-ல இத்தனை கன அடிக்கு தண்ணி இது வரைக்கும் வந்துச்சுன்னு எழுதுங்க. படிக்கத் தெரியாதவங்களும் அந்தக் கோட்டைப் பார்த்து கிளம்பிடுவாங்க.

எங்க வீட்டு ஹால் சுவத்துல அந்தக் கறை இன்னும் இருக்கு, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது அதை மட்டும் விட்டுடச் சொன்னேன். தரைலேர்ந்து நாலரை அடி. தெருவுல மத்த வீட்டு அளவும் எடுத்து வச்சிருக்கேன், உங்க நிருபர் யாராவது வந்தா குடுக்குறேன். ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கடலூர்.